அரச வானொலியும் கேட்போர் உரிமையும்

நீர்வேலிப் பக்கத்துப் பழைய ஆக்களிடம் செய்தி பற்றிக் கேட்டால் எனக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "அரசாங்க ரேடியோ அரசாங்கத்தைத்தானே பாடும், தம்பி." தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் அவர்கள். கொழும்புச் செய்தியோடு பிபிசி தமிழோசையையும் கேட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருவார்கள். இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

இலங்கை வானொலியைக் கூட்டுத்தாபனமாக்கியது 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். செய்தி திருத்தமாகவும் பக்கச்சார்பின்றியும் இருக்க வேண்டும், அரசியல் சர்ச்சைகளில் நடுநிலை பேண வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால், பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். கடமையைச் சட்டம் விதிக்கிறது. கதிரையை அமைச்சர் கொடுக்கிறார். செய்தி ஆசிரியர் எதற்குப் பயப்படுவார்?

2001இல் 17ஆவது திருத்தம் ஒரு கடிவாளம் போட்டது. தேர்தல் ஆணைக்குழுவின் வழிகாட்டல்களை அரச வானொலியோ ரூபவாஹினியோ மீறினால், அரசியல் ஒலிபரப்புகளைப் பொறுப்பேற்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை ஆணைக்குழு நியமிக்கலாம். தேர்தல் முடிந்தால் அந்தக் கடிவாளமும் கழன்றுவிடும்.

இதைவிட முக்கியமானது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கூட்டுத்தாபனம் தனது முறைசாராக் கல்வி நிகழ்ச்சியை 1995இல் திடீரென நிறுத்தியது. அதில் பங்குகொண்டு வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். கேட்பது மட்டுமே தனியொரு உரிமை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால், பங்குபற்றும் நேயர் என்ற நிலையில் அவரது பேச்சுச் சுதந்திரம், அதாவது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை, மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அரசாங்கப் பிடியிலிருந்து விடுபடாத அதிகாரசபை பேச்சுச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்றும் அதே நீதிமன்றம் கண்டது.

நமக்கு இதில் என்ன? நோன்பு காலத்தில் நம் வீடுகளில் ஒலிக்கும் முஸ்லிம் சேவையும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. 2020இல் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டது போன்ற ஒரு நாளில், நம் நியாயம் அரச வானொலியில் ஒலிக்க வேண்டும் என்பது சலுகை கேட்பதல்ல. அந்த அலைவரிசை பொதுச்சொத்து. அதில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே, "அவங்கள் அப்படித்தான்" என்று வானொலியை மூடிவிடுவது போதாது. பக்கம் சாய்ந்த செய்தியைக் கேட்டால் திகதி, நேரம், சொன்ன வாசகம் மூன்றையும் குறித்து, கூட்டுத்தாபனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். தேர்தல் காலமானால் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி போகட்டும். 1996இல் சட்டத்தை அசைத்ததும் ஒரு தனி நேயரின் மனுதான்.