பணம் போகும் வழி – 9: இரட்டைப் பூட்டு

விருதுநகரில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு கிட்டங்கி இருந்தது. மாசி, பங்குனி மாதங்களில் கொத்தமல்லியும் மிளகாய் வற்றலும் அதில் கூரை முட்ட அடுக்கியிருக்கும். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தும்மல் வரும். அதன் கதவில் எப்போதும் இரண்டு பூட்டுகள் தொங்கும். ஒன்று வியாபாரியுடையது, மற்றொன்று, நம்பர் வெட்டிய கனத்த பித்தளைப் பூட்டு, பாங்கியுடையது. சரக்கு பாங்கியின் வசம் ஈடாக இருக்கிறது என்று எழுதிய தகரப் பலகையும் கதவுக்கு மேல் இருக்கும். இருபது மூட்டைக்கு விலை படிந்தால் வியாபாரி முதலில் பாங்கிக்குப் போய் அதற்குரிய பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி வர வேண்டும். அதன் பிறகு பாங்கியின் கிட்டங்கிக்காரர் சைக்கிளில் வந்து பூட்டைத் திறந்து, மூட்டைகளைத் தாமே எண்ணி வெளியே விட்டு, கதவின் உட்புறத்தில் ஆணியில் தொங்கும் அட்டையில் மிச்ச இருப்பைக் குறித்துக் கையெழுத்திட்டு, மறுபடி பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

பாங்கிகளில் டெபாசிட் சேரும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். சேர்ந்த பணம் எந்தெந்தத் தொழிலுக்குக் கடனாகப் பிரிந்து செல்கிறது என்று சொல்லப் புகும்போது, அந்த இரட்டைப் பூட்டுத்தான் என் மனக்கண்முன் வருகிறது. தேசத்துக்கு எந்தத் தொழில் அவசியமோ, எதில் லாபம் அதிகமோ, அதற்கே பாங்கிப் பணம் பிரதானமாகப் போகும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் நூறாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், எந்தப் பொருளை ஈடாக ஒப்புக்கொள்ளப் பாங்கிகள் அந்தந்தக் காலத்தில் துணிந்தனவோ, அந்தப் பொருள் எந்தத் தொழிலாரின் கையில் மிகுதியாக இருந்ததோ, அவர்களிடமே பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற உண்மை புலப்படும். ஈட்டின் உருவம் மாறினால் கடன் போகும் திசையும் மாறிவிடுகிறது.

1921-இல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணப் பாங்கிகளும் ஒன்று சேர்ந்து இம்பீரியல் பாங்கி ஆயின. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்குக் கடன் கொடுக்கலாகாது, நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாகக் கொண்டு கொடுக்கலாகாது என்று அதன் சட்டமே தடை செய்திருந்தது. களத்துமேட்டிலிருந்து பருத்தியோ எண்ணெய் வித்தோ துறைமுகம் போய்ச் சேர ஆறு மாதம் தாராளமாகப் போதும்; ஆகவே அந்தச் சட்டத்துக்கு முற்றும் பொருந்திய கடன்காரர் சரக்கு வியாபாரியே. அறுவடை முடிந்து சரக்கு நகரும் மாதங்களில் பாங்கியில் பணத்துக்குக் கிராக்கி ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். சென்னையில் முல்தானி ஷ்ராப்கள் என்ற லேவாதேவிக்காரர்கள் கைமாற்றிக் கொடுத்த உண்டியல்களுக்கு, அதாவது தவணைப் பணச்சீட்டுகளுக்கு, வட்டம் பிடித்துக்கொண்டு பணம் கொடுப்பதும் இதே முறையில் நடந்த காரியந்தான். நிலத்தைத் தவிர வேறு ஈடு இல்லாத குடியானவனோ, ஊர் லேவாதேவிக்காரரிடம் போனான்.

சுதந்திரத்துக்குப் பிறகும், 1951-இல், பாங்கிக் கடனில் வியாபாரமும் தொழிலும் ஏறத்தாழ மூன்றில் ஒவ்வொரு பங்கு பெற்றிருந்தன. விவசாயத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவே கிடைத்தது. அடுத்த பதினாறு, பதினேழு ஆண்டுகளில் தொழிலின் பங்கு மூன்றில் இரண்டு ஆகிவிட்டது. விவசாயத்தின் பங்கு அந்த இரண்டு ரூபாயைச் சுற்றியே நின்றுவிட்டது.

இந்த மாறுதலுக்கு ஐந்தாண்டுத் திட்டங்கள் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. பைக்காரா மின்சாரம் 1932-இல் வந்த பிறகு கோயம்புத்தூரில் பெருகிய நூற்பாலைகளை எண்ணிப் பாருங்கள். காலையில் பஞ்சாக இருப்பது மாலையில் நூலாகிவிடும் இடத்தில் பாங்கியின் பூட்டுக்கு வேலை ஏது? சரக்கு ஆலையிலேயே இருக்கட்டும், இருப்புக் கணக்கை மாதந்தோறும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பாங்கிகள் இறங்கி வந்தன. பூட்டின் இடத்தில் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் என்ற காகிதம் வந்து உட்கார்ந்தது. அந்தக் காகிதத்தில் உள்ளதை நம்புவதற்கு முதலாளியின் பெயரும் ஆலையின் புகைபோக்கியுமே ஆதாரம். ஆகவே பெரிய பெயர் உள்ளவருக்குப் பெரிய கடன் என்பது தானாகவே வழக்கமாயிற்று. பாங்கி டைரக்டர்களும் ஆலை டைரக்டர்களும் பல இடங்களில் ஒரே குடும்பத்தாராகவும் நண்பர்களாகவும் இருந்தது அந்த வழக்கத்துக்குப் பெரிதும் துணை செய்தது.

உற்பத்தி பெருகும் வேகத்தைவிடத் தொழிற்சாலைகள் வாங்கும் கடன் வேகமாகப் பெருகுகிறது என்று 1968-69-இல் தெஹேஜியா கமிட்டி கண்டு சொல்லிற்று. 1969 ஜூலை 19-ஆம் தேதி, 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் உள்ள 14 பாங்கிகளை, நம் இந்தியன் பாங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியும் உட்பட, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்ன தொழிலில் இன்ன மூலப்பொருள் இத்தனை மாதத்துக்கு மேல் இருப்பு வைக்கலாகாது என்று 1975-இல் டாண்டன் கமிட்டி அளவு வகுத்தது. விவசாயம், சிறு தொழில் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்கு நூற்றுக்கு நாற்பது என்ற விதியும் பிறகு வந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனாலும் ஈடு கேட்கும் பழக்கம் இம்மியும் குறையவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது மிகவும் வருத்தம் தரும் அத்தியாயம். தொழிற்சாலை கட்டுவதற்கான நெடுங்காலக் கடனைக் கொடுப்பதற்கென்றே 1948-இல் தொழில் நிதி கார்ப்பரேஷனும், 1955-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யும், 1964-இல் ஐ.டி.பி.ஐ.யும் ஸ்தாபிக்கப்பட்டன. பிந்திய இரண்டும் முறையே 2002-இலும் 2004-இலும் சாதாரண வர்த்தக பாங்கிகளாக உருமாறின. அந்த நெடுங்காலக் கடனின் பாரமும் அப்போது வர்த்தக பாங்கிகளின் தலையில் வந்து விழுந்தது. ஓராண்டு, மூன்றாண்டுத் தவணைக்கு நம்மிடம் டெபாசிட் வாங்கி, பதினைந்தாண்டு கழித்துத் தீர வேண்டிய அனல் மின் நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே ஈடாக இருந்தது என்ன? மூட்டையும் இல்லை, ஓடும் ஆலையும் இல்லை. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு உத்தரவு, அலைவரிசை லைசென்ஸ், மின்சாரம் வாங்கிக்கொள்வதாக மின்வாரியம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஆகிய அரசாங்கக் காகிதங்களே ஈடு. 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 122 டெலிபோன் லைசென்ஸுகளை ரத்து செய்தது. 2014 செப்டம்பரில் 200-க்கு மேற்பட்ட நிலக்கரி ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புகள் நியாயமானவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை; ஆனால் அந்தக் காகிதங்களை நம்பிக் கொடுத்த பணம் நம்முடைய டெபாசிட் பணம் என்பதையும் மறப்பதற்கில்லை.

2018 மார்ச்சில் வாராக்கடன் மொத்தக் கடனில் நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டிவிட்டது. 2017-இல், அதற்கு முந்திய ஆண்டு இயற்றிய திவால் சட்டத்தின் கீழ்க் கொண்டுபோகச் சொல்லி ரிசர்வ் பாங்கி முதலில் குறித்துக் கொடுத்த கணக்குகள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு பேரிடம் மட்டும் நாட்டின் வாராக்கடனில் நாலில் ஒரு பங்கு முடங்கிக் கிடந்தது. அவற்றுள் பூஷண் ஸ்டீல் உருக்காலையை விற்றபோது ஒப்புக்கொள்ளப்பட்ட கடனில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் கைக்கு வந்தது. அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளிக் கம்பெனியின் விஷயத்தில், ஏறத்தாழ 29,500 கோடியில் வந்தது சுமார் 5,000 கோடி. உருக்கு விலை அப்போது ஏறுமுகமாக இருந்தது, ஜவுளிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஈடு என்று நாம் சொல்லுவது, வாங்க ஆள் இருக்கும் வரையில்தான் ஈடு.

சூடு கண்ட பாங்கிகள் அதன் பிறகு தொழிலைவிட்டுத் தனி மனிதரை நாடின. வீடு, கார், நகை, மாதச் சம்பளம் ஆகியவை புதிய ஈடுகள் ஆயின. 2013 வாக்கில் உணவுக் கொள்முதல் நீங்கலான பாங்கிக் கடனில் தொழிலின் பங்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து சதவீதம். 2024 மார்ச்சில் அது நாலில் ஒரு பங்குகூட இல்லை, தனிநபர் கடனோ மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. பெரிய கம்பெனிகள் கடன் பத்திரச் சந்தையிலும் சொந்த லாபத்திலும் பணம் தேடிக்கொள்வது இதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஈடில்லாத தனிநபர் கடன் வளர்ந்த வேகத்தைக் கண்டு, 2023 நவம்பரில், அத்தகைய கடனுக்குப் பாங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கியே கடிவாளம் போட நேர்ந்தது. தொழிலுக்கு மிஞ்சிய பங்கிலும் மூன்றில் ஒன்று மின்சாரம், சாலை முதலிய கட்டுமானங்களுக்குப் போகிறது. கோடிக்கணக்கான பேருக்குச் சோறு போடும் ஜவுளித் தொழிலுக்கு ஏழு சதவீத அளவே கிடைக்கிறது.

கோவை கணபதியில் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஐந்து லேத்துகள், எட்டுத் தொழிலாளர்கள். சரக்கை அனுப்பிவிட்டுத் தொண்ணூறு நாள் பணத்துக்குக் காத்திருப்பது அவருக்கு வழக்கம். நடைமுறை மூலதனத்துக்காகப் பாங்கிக்குப் போனவரிடம், பட்டறையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டின் தாய்ப்பத்திரத்தையும் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றையும் கேட்டார்கள். வீடு மூன்று சகோதரர்களுக்குப் பொது. "பத்து வருஷத்து பில் புக் இருக்குங்க, அதைப் பார்க்க மாட்டேங்கிறாங்க" என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு மனம் பதைத்துப் போயிற்று. அந்த பில் புத்தகந்தானே உண்மையில் அவருடைய கிட்டங்கி! விருதுநகர்க் கிட்டங்கிக்காரர் மூட்டையை எண்ணியதுபோல அதை எண்ணிப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

விதி இல்லை என்று சொல்ல முடியாது. சிறு தொழிலுக்கு அதன் ஆண்டு விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கை நடைமுறைக் கடனாகக் கொடுக்க வேண்டும் என்று 1992-இலேயே நாயக் கமிட்டி சொல்லி, ரிசர்வ் பாங்கியும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கில், ஒரு கோடிக்கு விற்கும் பட்டறைக்கு இருபது லட்சம் கிடைக்க வேண்டும். பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை ஏலத்தில் விட்டு உடனே பணம் பெறும் டிரெட்ஸ் என்ற ஏற்பாட்டுக்கு 2014-இல் விதி வகுத்து, 2017 முதல் அது நடந்து வருகிறது. பழைய உண்டியல் கம்ப்யூட்டர் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்றே இதைச் சொல்ல வேண்டும். ஈட்டின் உருவம் இன்னொரு முறை மாறுவதற்கு, அதுவும் உழைக்கிறவனுக்கு அனுகூலமாக மாறுவதற்கு, இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

சிறு பட்டறையோ தறிக்கூடமோ வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குறுந்தொழிலுக்கும் சிறு தொழிலுக்கும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்று 2010-இல் ரிசர்வ் பாங்கி பாங்கிகளுக்குக் கட்டளையிட்டது. வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால், எந்த விதியின்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.