குழந்தை ஏந்திய குவான்யின்: சீனத் தந்தச் சிற்ப மரபு

அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டார் என்பது வீரசோழியம் கூறும் பௌத்த மரபு. அவ்வவலோகிதனே சீனத்தில் பெண்ணுருக் கொண்டு குவான்யின் எனப் போற்றப்படுகின்றான். கி.பி. 406-இல் குமாரசீவர் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தில் இப்பெயர் 'குவான்ஷியின்' என வரும்; உலகின் ஒலியை உணர்வோன் என்பது அதன் பொருள்.

மிங் மரபினர் ஆட்சியின் (1368–1644) பிற்பகுதியில், பூசியன் மாநிலத்துச் சாங்சௌ நகரச் சிற்பியர் இவ்வுருவை யானைத் தந்தத்தில் செதுக்கினர். அவற்றுட் சில குழந்தையை ஏந்தியவை. 1571-இல் இசுப்பானியர் மணிலாவில் நிலைகொண்டபின், ஆங்குக் குடியேறிய சீனச் சிற்பியர் கன்னி மரியாளின் தந்த உருவங்களையும் வடித்தனர். இதனால், குழந்தை ஏந்திய குவான்யின் மரியாள் உருவின் படியே என்பாரும் உளர்.

இக்கூற்று முழுதும் கொள்ளத்தக்கதன்று. மக்கட்பேறு வேண்டி வணங்கும் மகளிர்க்கு அவலோகிதன் அதனை அருள்வான் எனத் தாமரைச் சூத்திரத்தின் 25-ஆம் இயலே கூறுகின்றது. எனவே கருத்துப் பௌத்தத்தினது. வடிவக் கூறுகளே மேலைத் தாக்கம் பெற்றிருத்தல் கூடும். உடல் ஒருபுறம் சாய்ந்திருத்தலும் அத்தாக்கத்திற்குச் சான்றாகாது. ஐரோப்பியத் தந்த உருவங்களிலும் சீன உருவங்களிலும் அச்சாய்வு தந்தத்தின் இயற்கை வளைவால் அமைவது.

உருவை இன்னதெனத் துணிவார் முடியிலுள்ள அமிதாப புத்தர் வடிவம், தாமரைப் பீடம் முதலியவற்றை ஒருங்கு நோக்குதல் வேண்டும். அவை இன்மை ஒன்றே பற்றி மரியாள் எனக் கோடலும் பிழையாம். ஒரே கைவினைஞர் இரு சமயத்தார்க்கும் பணி செய்தமையே அதற்குக் காரணம்.