மல்லையா, புகாரா?

கோடை விடுமுறையில் கடற்கரைப் பழம்பதி ஒன்றைக் கண்டு வரலாம் என்று கிண்டியில் வாழும் குடும்பத்தார் சிலர் எண்ணுகின்றனர் என்று கொள்வோம். அவர்கள் முன் இரண்டு ஊர்கள் நிற்கின்றன. ஒன்று மாமல்லபுரம், மற்றொன்று காவிரிப்பூம்பட்டினம். இரண்டும் பண்டைத் துறைமுகங்கள். இரண்டும் புகழ் வாய்ந்தவை. எதனைத் தேர்வது?

வழியை எண்ணினால் மல்லையே எளிது. கிண்டியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலையிற் சென்று மாலையில் மீளலாம். முற்காலத்தில் சென்னை மக்கள் பக்கிங்காம் கால்வாயில் படகேறி, துடுப்பின் ஓசையைக் கேட்டவாறே அவ்வூரை அடைந்தனர். இன்று பேருந்து விரைவாகக் கொண்டு சேர்க்கின்றது. படகில் இருந்த இன்பம் பேருந்தில் இல்லை என்பது வேறு செய்தி. புகாரோ தொலைவில் உள்ளது. கிண்டியில் மின்தொடர் வண்டி ஏறித் தாம்பரம் சேர்ந்து, ஆங்கிருந்து இருப்பூர்தியில் மயிலாடுதுறைக்குச் சென்று, பின்னும் பேருந்தில் கடற்கரை நோக்கிச் செல்லல் வேண்டும். சென்று மீள இரண்டு நாளேனும் ஆகும்.

மல்லையிற் காண்போர்க்கு யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை, கல்லே பேசும். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மாமல்லன் என்னும் சிறப்புப் பெயர் பூண்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் இவ்வூர் சிற்பக் கூடமாகத் திகழ்ந்தது. ஐந்து இரதங்கள் எனப்படும் கோயில்களை உற்று நோக்குக. கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டப்பட்டவை அல்ல அவை. நின்ற பாறையையே உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிச் சென்றனர். இதனை எவ்வாறு அறிவது? தருமராச இரதத்தின் மேனிலைகள் நிறைவுற்றிருக்க, அடித்தளம் செதுக்கி முடிக்கப்பெறாமல் நிற்பதைக் காணலாம். அண்மையில் உள்ள பாறைகள் சிலவற்றில் வரிசையாக வெட்டிய சிறு குழிகளும் தோன்றும். ஆப்பு அடித்துக் கல்லைப் பிளப்பதற்கு இட்ட குழிகள் அவை. முடிந்த கோயில் கலைஞனின் வெற்றியைக் காட்டும். முடியாத கோயிலோ அவன் கை சென்ற வழியையே காட்டும். ஆதலின் மாணவர்க்கு முடியாத கோயிலே பெரிய ஆசிரியன் ஆகும்.

அருச்சுனன் தவம் என்று சிலரும், கங்கை இறங்கிய காட்சி என்று சிலரும் கூறும் பெரும்பாறைச் சிற்பம் இவ்வூரின் மணிமுடி. பாறையில் இயல்பாக அமைந்த பிளவையே ஆறாக்கிக் கொண்டான் சிற்பி. யானைகளின் பெருமிதத்தைக் கண்டு வியப்போர், அவற்றின் அருகே நின்று தவம் செய்யும் பூனையையும், அதனை நம்பிச் சூழ்ந்த எலிகளையும் காணத் தவறுதல் கூடாது. அச்சிற்பி நகைச்சுவை அறிந்தவன்! 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில் குடைந்தது அன்று, கற்களை அடுக்கிக் கட்டியது. இச்சின்னங்களை 1984ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, மணலை அரித்து, அதுவரை மறைந்து கிடந்த செதுக்கிய பாறைகள் சிலவற்றை இக்கரையில் வெளிப்படுத்தியது.

இனிப் புகாருக்குச் செல்வோம். ஆங்கு மல்லையைப் போன்ற கோயில்களைத் தேடுவோர் ஏமாற்றம் அடைவர். காவிரி மெலிந்து கடலிற் கலக்கும் முகத்துவாரமும், மீனவர் படகுகளும், மணற்பரப்புமே கண்ணிற்படும். “இங்கு ஒன்றும் இல்லையே” என்று கூறித் திரும்புவோர் பலர். பழம்பதி ஒன்றுக்கு இதனினும் பெரிய கேடு இல்லை. ஒன்றும் இல்லை என்று மக்கள் கருதும் இடத்தைக் காக்க எவர் முன்வருவர்?

உண்மையில் ஆங்கு ஒரு பெருநகர் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் அதன் துறைமுகம் விரிவாகக் கூறப்படுகின்றது. கடல் வழியே குதிரைகளும், தரை வழியே மிளகு மூடைகளும் வந்தன. ஈழத்து உணவும் கங்கை வெளியின் பொருளும் அதன் தெருக்களிற் குவிந்தன. சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மேல் புலிப்பொறி இட்டனர். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பிரிவாக நின்ற நகரையும், அவற்றின் இடையே இருந்த நாளங்காடியையும் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. இந்நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் கிரேக்க நிலநூலாரும் ‘கபேரிஸ்’ என இதனைக் குறித்துள்ளார்.

இவையெல்லாம் புலவர் கற்பனையோ என்று ஐயுறுவோர்க்கு மண்ணே விடை கூறியது. 1960களில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கற்களால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டுவதற்கு நட்ட மரத்தறிகளும் அதனோடு கிடைத்தன. வானகிரியில் செங்கல் நீர்த்தேக்கமும், பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரத்தின் சிதைவுகளும் புத்தர் பாதம் பொறித்த கல்லும் கண்டெடுக்கப்பெற்றன.

ஒரு நாளே உடையவரும், சிறு குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வோரும் மல்லைக்கே செல்க. சிலப்பதிகாரத்தைப் பாடமாகக் கற்று, அதன் மாந்தரை மனத்திற் கொண்டுள்ள மாணவர்க்கு, மூன்று நாள் கிடைக்குமாயின் புகாரையே யான் பரிந்துரைப்பேன். மல்லைக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். அஃது எங்கும் போய்விடாது. பண்டை நாளில் இந்திர விழா சித்திரை முழுமதியில் தொடங்கியது. அந்நாளும் பெரும்பாலும் கோடை விடுமுறைக்குள்ளேயே வரும். முதலிற் கீழையூர்ப் படகுத்துறையைக் காண்க. பின்னர்ச் சிலப்பதிகாரக் கதையைச் சிற்பமாக்கி 1973ஆம் ஆண்டில் அமைத்த கலைக்கூடம் இருக்கும் கடற்கரைக்கு வருக. வெயில் தணிந்தபின் முகத்துவாரத்தில் அமர்ந்து, கையோடு கொண்டு சென்ற நூலில் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பிரித்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம்.