கோழியும் சோறும் மட்டும் போதுமா? கணையம் கெட்ட நாய்க்கு வீட்டுச் சமையல்

எங்க வீட்டு மணிக்கு ஒன்பது வயசு, பத்து கிலோ எடை. போன தீபாவளிக்கு மறுநாள், மட்டன் குழம்புல நாங்க ஒதுக்கின கொழுப்பையெல்லாம் "பாவம், சாப்பிடட்டும்" என்று அவன் தட்டில் போட்டது நான்தான். ராத்திரியே வாந்தி. காலையில் முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது மாதிரி நின்றான். வயிற்று வலிக்கான அறிகுறி அது. பரிசோதனையில் கணைய அழற்சி என்று தெரிந்தது. மூன்று நாள் டிரிப்ஸ்.

கணையம் செரிமான நொதிகளைச் செயல்படாத நிலையில்தான் தயாரிக்கிறது. அவை சிறுகுடலுக்குப் போன பிறகே வேலையை ஆரம்பிக்கும். அழற்சி வந்தால் கணையத்துக்குள்ளேயே ஆரம்பித்து, அந்த உறுப்பையே செரிக்கத் தொடங்கிவிடும். கொழுப்பான சாப்பாடு இதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று.

அதனால் முதல் மாற்றம் கொழுப்பில். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 4 கிராமுக்கும் குறைவாகத்தான் கொழுப்பு இருக்கும். தோலோடு என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெந்த தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே உறையும், அதை வழித்து எடுத்துவிடலாம். அரிசியைக் குழைய வேகவைக்கணும். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தயிர்சாதம் வயிற்றுக்கு நல்லதுதானே என்று நினைக்கலாம். ஆனால் நிறைகொழுப்புப் பாலில் குறைந்தது 6 சதவீதம் கொழுப்பு! ஒரே வேளையில் வயிறு நிரம்பக் கொடுக்காமல், நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. மணி நல்லா சாப்பிட்டான், வாந்தி இல்லை. எனக்கு ஒரே பெருமை. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கால்சியத்துக்கு என்ன கொடுக்கறீங்க?"

பதில் இல்லை. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. அரிசியிலும் கிடைக்காது. அந்தப் பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எலும்பு பலவீனமாகிக்கொண்டே இருக்கும். துத்தநாகம், செம்பு, வைட்டமின் டி, ஈ எல்லாமே இதே கதைதான். கொழுப்பையும் ஒரேயடியாக ஒழித்துவிடக் கூடாது, சில கொழுப்பு அமிலங்கள் நாய்க்கு அவசியம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டிருக்கிறார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைவு. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அதில் இருந்தன.

ஆக, கோழியும் சோறும் நோய் தணியும் வரை சில நாளுக்கான பத்தியம். மாதக்கணக்கில் கொடுப்பதென்றால் அது ஒரு முழு உணவாக இருக்கணும். மணியின் எடைக்கு ஓய்வாக இருக்கும்போதே நாளைக்குச் சுமார் 400 கலோரி தேவை. அதிலிருந்து தொடங்கித்தான் டாக்டர் கறி, சோறு, கால்சியம், தாதுப் பொடி எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கில் அளவு எழுதிக் கொடுத்தார். அந்த அளவு அவனுக்கு மட்டும்தான், அதனால் இங்கே போடவில்லை. உங்க நாய்க்கு உங்க டாக்டரிடம் கேளுங்க. வாந்தி நிற்காவிட்டாலோ, சாப்பிடவே மறுத்தாலோ அடுப்பைப் பற்றவைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்போ அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தராசு இருக்கு. மணியைச் சமாளிப்பது சுலபம். "ஒரு துண்டுதானே, போட்டா என்ன?" என்று கேட்கும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.