இரத்தம் கூறும் எச்சரிக்கை

பயிரைக் காக்க நாம் தெளிக்கும் பூச்சிமருந்து, தெளிப்பவரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலிற் புகும் என்பதை அங்கத்தினர்கள் அறிவர். அவ்வாறு புகுந்த விஷத்தை, நோய் முற்றுமுன் அறிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. அவ்வழியை எளிதாக்கியவர் ஜார்ஜ் எல்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்.

இவ்விஷத்தின் கொடுமையை நம் அண்டை மாநிலமாகிய கேரளம் 1958-ஆம் ஆண்டில் கண்டது. பாரத்தியான் என்னும் பூச்சிமருந்துடன் ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவில் அம்மருந்து கலந்துவிட, அதனை உண்டோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் பிறப்பதற்கு இத்துயரமே காரணமாயிற்று.

பாரத்தியான் முதலிய பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்பைத் தாக்குவன. நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கிறது. ஆணை நிறைவேறியதும் கோலினெஸ்ட்ரேஸ் என்னும் என்சைம் அப்பொருளைச் சிதைத்துவிடுகிறது. பூச்சிமருந்து இந்த என்சைமைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்குகிறது. ஆணை ஓயாது தொடர்கிறது, வியர்வையும் உமிழ்நீரும் பெருகுகின்றன, கண்மணி சுருங்குகிறது, தசைகள் துடிக்கின்றன, முடிவில் மூச்சு தடைப்படுகிறது. தொடக்கத்தில் தோன்றும் தலைவலியையும் மயக்கத்தையும் வெயிலின் கடுமை என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

இரத்தத்தில் இந்த என்சைம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் விரைவான முறையை எல்மனும் அவருடைய சகாக்களும் 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அசிட்டைல்கோலினை ஒத்த, கந்தகம் அடங்கிய ஒரு பொருளை இரத்தத்துடன் சேர்க்கின்றனர். என்சைம் அதனைச் சிதைக்கச் சிதைக்க, உடன் சேர்த்துள்ள ரசாயனம் மஞ்சள் நிறம் பெறுகிறது. நிறம் விரைவாக ஏறினால் என்சைம் நலமாயுள்ளது. தயங்கி ஏறினால் விஷம் அதனைக் கட்டிவைத்துள்ளது. சாயத்தின் அழுத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும் நம் நெசவாளருக்கு இத்தத்துவம் எளிதில் விளங்கும். இங்கே கண்ணுக்குப் பதிலாக ஒளிமானி என்னும் கருவி நிறத்தை அளக்கிறது.

ஆயினும் ஒருமுறை அளந்தால் போதாது. இந்த என்சைமின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு இயல்பான அளவு மற்றொருவருக்குப் பெருங்குறைவாக இருக்கலாம். ஆதலால் மருந்து தெளிக்கும் பருவம் தொடங்குமுன்பே அவரவருடைய சொந்த அளவைக் குறித்து வைத்தல் வேண்டும். கலிபோர்னியா மாநிலம் இத்தகைய கண்காணிப்பை 1974-ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்குள்ள விதிப்படி, தொடக்க அளவில் 80 சதவிகிதத்திற்குக் கீழே இறங்கினால் வேலை முறையை ஆராய வேண்டும். சிவப்பணுக்களில் உள்ள என்சைம் 70 சதவிகிதத்திற்கோ அதற்குக் கீழோ இறங்கினால் தொழிலாளியை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும்.

மருந்து நிலையாகக் கட்டிவிட்ட என்சைம், சிவப்பணுக்களிற் பெரும்பாலும் புதிய அணுக்கள் பிறப்பதனாலேயே ஈடாகிறது. ஓர் அணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். ஆகவே தலைவலி நீங்கியது கண்டு மறுநாளே தெளிப்பானைத் தோளில் ஏற்றுபவர், குறைந்துள்ள முதலிலிருந்து மேலும் செலவிடுபவர் ஆவார்.

இப்பரிசோதனை எல்லா விஷத்தையும் காட்டிவிடாது. பாஸ்பரஸ் வகையை நன்கு காட்டும். கார்பமேட் வகையின் பாதிப்பு சில மணி நேரத்தில் மறைவதால் தப்பிவிடக்கூடும். பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளுக்கு இது உதவாது. கையுறையும், முழு உடையும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்தலும் எப்போதும் வேண்டியவையே. நஞ்சேறியவரின் உடையைக் களைந்து, உடலைக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

விதைக்கும் உரத்திற்கும் முன்கூட்டியே திட்டமிடும் சங்கங்கள், பருவத்திற்கு முன் இந்த இரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரைக் கலந்து ஏற்பாடு செய்யலாம். நிலத்துக்குரியவர் வரப்பில் நிற்க, கூலிக்கு வந்தவரே மருந்து தெளிப்பது நம் ஊர்களில் வழக்கம். அவர் சங்கத்தில் அங்கத்தினராக இல்லாதிருக்கலாம். ஆயினும் அளவு குறித்த அட்டை முதலில் அவர் கையில் சேர்தலே நியாயம்.