சர்வர் விழுந்த நாளில் உங்கள் பணத்துக்கு யார் பொறுப்பு?

2024 ஜூலை 31, புதன்கிழமை. ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் இருந்தது. மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தும் மூன்று நாள்தான் ஆகியிருந்தது. விதைநெல், உழவுக்கூலி, உரம் என்று சம்பாவுக்காகக் காவிரிக் கரையில் எல்லாருக்கும் பணம் தேவைப்படும் வேளை அது. அன்றுதான் யுபிஐ, ஏடிஎம் வலைப்பின்னல்களை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் சர்வர் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் மீது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்திருக்கலாம் என்பதால், அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்திருப்பதாக அது சொன்னது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐயும் ஏடிஎம்மும் நின்றுபோயின. ஆகஸ்ட் 1 அன்று இணைப்பு திரும்பியது.

நாட்டின் மொத்தப் பணப்பரிமாற்றத்தில் இந்த வங்கிகளின் பங்கு சுமார் அரை சதவீதம்தான் என்று அப்போது செய்திகள் வந்தன. ஆனால் ஒரே ஒரு வங்கிக் கணக்கு மட்டும் உள்ளவருக்கு அந்த அரை சதவீதம்தான் முழு உலகம். தஞ்சாவூர் மாவட்டத்தின் திருவிடைமருதூர் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் கணக்கில்தான் ஏறுகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான். திருபுவனத்தில் பட்டு நெய்பவர் வாங்கும் கூலிக்கும் வங்கிப் புத்தகம் வேண்டும். பட்டா, சிட்டா, வில்லங்கம், ரேஷன் எல்லாமே எங்கோ இருக்கும் ஒரு கணினியின் பதிலுக்குக் காத்திருக்கின்றன. “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்று கவுன்ட்டரில் சொல்லும்போது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகின்றன. அந்த வார்த்தையோடு பேச்சு முடிந்துவிட்டதாக நம்மில் பலர் நினைத்துத் திரும்பிவிடுகிறோம். அது முடிவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வங்கியின் கணக்குகள் ஒரே கணினியில் இருப்பதில்லை. பல சர்வர்களைக் கூட்டாக இணைத்து, ஒன்று நின்றால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கிறார்கள். அந்தக் கட்டடமே தீப்பிடித்தாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ என்ன செய்வது? அதற்காக வேறு ஊரில் இன்னொரு கூட்டம் சர்வர்கள் இருக்கும். இதைத்தான் மாற்று மையம் அல்லது டிஆர் சைட் என்கிறார்கள். தமிழ்நாடு அரசின் தரவு மையம் சென்னை பெருங்குடியில் இருக்கிறது, அதற்கான பேரிடர் மீட்பு மையம் திருச்சி நவல்பட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, இரண்டையும் ஏன் ஒரே ஊரில் வைக்கக் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு மையங்களும் ஒன்றையொன்று நொடிக்கு நொடி விசாரித்துக்கொள்கின்றன. முதன்மை மையம் பதில் சொல்லாவிட்டால் மாற்று மையம் தானாகவே பொறுப்பேற்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதன்மை மையம் உயிரோடுதான் இருக்கிறது, இடையிலுள்ள கேபிள் மட்டும் அறுந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு மையங்களும் ‘மற்றது செத்துவிட்டது’ என்று முடிவுகட்டி, இரண்டும் கணக்கு நடத்தத் தொடங்கும். பத்தாயிரம் ரூபாய் இருக்கும் கணக்கிலிருந்து இரண்டு இடத்திலும் பத்தாயிரம் போகலாம். இதைத் தவிர்க்க மூன்றாவது ஓர் இடத்தில் சாட்சி சர்வர் ஒன்றை வைக்கிறார்கள். மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால்தான் பொறுப்பு கைமாறும்.

இன்னொரு சிக்கல் தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு பரிமாற்றமும் அங்கே பதிவாகி, பதில் வந்த பிறகுதான் முடியும் என்றால் லட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்க நேரிடும். அதனால் பக்கத்து ஊர் நகலை உடனுக்குடனும், தொலைதூர நகலைச் சில நொடிகளோ நிமிடங்களோ பிந்தியும் எழுதுகிறார்கள். திடீரென்று மாற வேண்டி வந்தால் அந்தச் சில நொடிகளில் நடந்த பரிமாற்றங்கள் நகலில் இருக்காது. உங்கள் கணக்கில் பணம் கழிந்து எதிராளிக்குப் போய்ச் சேராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதை ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்வது முழுக்க வங்கியின் வேலை.

மாற்று மையம் கட்டிவிட்டோம் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. மதகுப் பலகையை ஆண்டுக்கணக்கில் தூக்கி இறக்கிப் பார்க்காமல் விட்டால் வெள்ளத்தன்று அது அசையாது என்பது ஆற்றுப்பாசனக்காரர்களுக்குத் தெரியும். சர்வருக்கும் அதே கதிதான். 2020 நவம்பர் 21 அன்று எச்டிஎஃப்சி வங்கியின் முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் தடைப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கியின் இணையவழிச் சேவையும் பணப்பரிமாற்றமும் முடங்கின. அடுத்த மாதம் 2ஆம் தேதி ரிசர்வ் வங்கி, புதிய டிஜிட்டல் சேவைகளையும் புதிய கிரெடிட் கார்டுகளையும் நிறுத்திவைக்கும்படி அந்த வங்கிக்கு உத்தரவிட்டது. முழுத் தடையும் விலக 2022 மார்ச் ஆயிற்று.

2021 பிப்ரவரி 24 இன்னும் தெளிவான பாடம். தேசியப் பங்குச் சந்தையில் காலை 11:40க்கு வணிகம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்பில் தொடங்கிய கோளாறு தரவுச் சேமிப்பு அமைப்பைப் பாதித்தது. சந்தைக்குச் சென்னையில் மாற்று மையம் இருந்தும் அதற்கு மாறவில்லை. மதியம் 3:45க்குத்தான் வணிகம் மீண்டது. அதன் பிறகு பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி கடுமையாக ஒரு விதி போட்டது: முக்கிய அமைப்பு ஒன்று நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று சந்தையைத் திறந்து, முதலில் முதன்மை மையத்திலும் பிறகு மாற்று மையத்திலும் உண்மையான வணிகத்தையே நடத்திக் காட்டினார்கள். ஒத்திகை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நகலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரியா காட்டியது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் பேட்டரித் தீ பிடித்தது. 709 அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஒரு கிடங்குக்கு வெளியில் நகலே வைக்கவில்லை. 858 டெராபைட் போனது போனதுதான். தொழில்நுட்பத்தில் இவ்வளவு முன்னேறிய நாட்டிலேயே இது நடந்தது.

ரான்சம்வேர் வேறு வகை எதிரி. நொடிக்கு நொடி நகலெடுக்கும் அமைப்பு, பூட்டப்பட்ட கோப்பையும் அதே வேகத்தில் நகலெடுத்துவிடும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது சுமார் இரண்டு வாரம் பேனாவும் காகிதமுமாக வேலை நடந்தது. ஆகவே வலைப்பின்னலோடு ஒட்டாத, யாரும் மாற்ற முடியாத ஒரு நகல் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை வருகிறது. தகவல் தொழில்நுட்ப நிர்வாகம் பற்றி ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பு அருமையானது. முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை வேண்டும், முழு வேலை நாள் ஒன்றையாவது மாற்று மையத்திலிருந்தே ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிறது. ஆனால் அது வணிக வங்கிகளுக்கும் பெரிய நிதி நிறுவனங்களுக்குமானது. கிராம வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் அதற்குள் வரவில்லை. அவற்றுக்கு வேறு சைபர் பாதுகாப்பு விதிகள் உண்டு என்றாலும், ஒரு நாள் பொய்த்தால் தாங்க முடியாதவர்களின் பணம் இருக்கும் இடத்துக்கு அதே கண்டிப்பு வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

இனி, கையில் இருக்கும் உரிமைகள். பணப்பரிமாற்றம் பாதியில் நின்றால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வரையறுத்தது. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்களிடம் கழிந்து அவருக்கு ஏறவில்லை என்றால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து நோட்டு வராவிட்டாலும் ஐந்து நாள். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலே, உங்கள் கணக்கில் ஏற வேண்டும். சிறிய வங்கி என்ற விலக்கு இதில் கிடையாது. கேட்காமலே வர வேண்டிய இந்த நூறு ரூபாயைப் பலர் கேட்டும் வாங்குவதில்லை.

அதற்கு ஆதாரம் வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன ‘சர்வர் டவுன்’ நாளை எங்கும் நிற்காது. பரிமாற்ற எண், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், செல்போன் திரையைப் படமெடுத்து வையுங்கள். கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீல் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். மாநில, மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் 2025 நவம்பர் 1 முதல் இதற்குள் வந்துவிட்டன. ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி அல்ல என்பதால் அதன் மீதான புகார் கூட்டுறவுத் துறைக்குத்தான் போக வேண்டும். நட்டம் பெரிதென்றால் தஞ்சாவூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

பயிர்க் காப்பீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பாவுக்குப் பதிவு செய்யும் கெடு வழக்கமாக நவம்பர் 15. கடைசி இரண்டு நாளில் எல்லாரும் பொதுச் சேவை மையத்தில் கூடும்போது இணையதளம் திணறும். அடங்கல் கிடைத்ததுமே பதிந்துவிடுவது ஒரு தற்காப்பு. பிரீமியம் பிடித்த பிறகு வங்கியின் தவறாலோ விடுபடுதலாலோ உங்கள் விவரம் ஏறாமல் போயிருந்தால், இழப்பீட்டுக்கு அந்த வங்கிதான் பொறுப்பு என்று பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட நெறிமுறையே சொல்கிறது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உதவி எண் 14447.

ரேஷனில் கைரேகை பதியவில்லை, இணைப்பு இல்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது தஞ்சை மாவட்டத்தின் தெற்குப் பகுதிகள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. திருச்சியிலோ மும்பையிலோ எந்தச் சர்வர் எவ்வளவு நன்றாக ஓடினாலும், ஊர்க் கடைக்கு அது எட்டாத நாட்கள் வரும். அந்த நாட்களுக்குக் காகிதப் பதிவேடு கடையில் இருக்க வேண்டும். மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சர்வர் நின்ற நாளில் இன்னொரு கூட்டமும் கிளம்பும். “வங்கியிலிருந்து பேசுகிறோம், சர்வர் பிரச்சினையைச் சரிசெய்ய ஓடிபி சொல்லுங்கள்” என்பார்கள். எந்த வங்கியும் ஓடிபி கேட்காது. பணம் போனால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்றால் நீங்கள் வாடிக்கையாளர் மட்டுமல்ல, பங்குதாரரும்கூட. பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். நம் கணக்கின் மாற்று மையம் எந்த ஊரில் இருக்கிறது? அதற்கு மாறிக் கடைசியாக எந்தத் தேதியில் வேலை செய்து பார்த்தார்கள், எத்தனை மணி நேரம்? வலைப்பின்னலோடு ஒட்டாத நகல் உண்டா? பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம். கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாகத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் நேரடியாக வருவதில்லை என்று 2013இல் தலப்பலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சங்கத்திடமிருந்து பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவர் வழியாகக் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே மனுவைச் சங்கத்துக்கு அனுப்பாமல், கூட்டுறவுத் துறையின் இணைப் பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு அனுப்புங்கள். சர்வர் அறையின் வரைபடத்தைக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்க இடமுண்டு. ஒத்திகை நடந்த தேதியை மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.