மென்பொருட் பொதிகளும் இடைக் களஞ்சியமும்

கட்டடம் எழுப்பும் கொத்தனார் செங்கல்லைத் தாமே சுட்டுக்கொள்வதில்லை; சிமிட்டியைத் தாமே செய்துகொள்வதுமில்லை. காளவாயிலிருந்தும் கடையிலிருந்தும் அவற்றை வருவித்து, தம் கைத்திறத்தால் சுவராக ஆக்குகிறார். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரின் தொழிலும் இன்று இத்தகையதே. தேதியைக் கணக்கிடுதல், படம் வரைதல், தரவுகளைச் சேமித்தல் போன்ற பொதுவான வேலைகளுக்குரிய நிரல்களைப் பிறர் முன்னரே எழுதி வைத்துள்ளனர். இவ்வாறு ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுதிக்குப் பொதி என்று பெயர். ஒரு மென்பொருள் எப்பொதிகளைச் சார்ந்து நிற்கின்றதோ, அவை அதன் சார்புகள் எனப்படும்.

இப்பொதிகள் இணையத்தின் வழியே யாவரும் அணுகத்தக்க பொதுக் களஞ்சியங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஜாவா மொழியினருக்கு மேவன் சென்ட்ரல், ஜாவாஸ்கிரிப்ட் மொழியினருக்கு என்.பி.எம்., பைத்தான் மொழியினருக்குப் பை.பி.ஐ. என மொழிக்கொரு களஞ்சியம் உண்டு. ஒரு பொதி தனக்கு வேண்டிய வேறு பொதிகளையும் உடன் அழைத்து வரும். அவை மேலும் சிலவற்றை அழைத்து வரும். ஆகையால் பத்துப் பொதிகளைக் கேட்ட நிரலாளரிடம் நூற்றுக்கணக்கானவை வந்து சேர்வது சாதாரணம்.

பலர் கூடிப் பணியாற்றும் இடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே பொதுக் களஞ்சியத்தை நாடுவது முறையா, அல்லது குழு முழுமைக்கும் பொதுவாக ஓர் இடைக் களஞ்சியத்தை அமைத்துக்கொள்வது முறையா என்பதே இக்கட்டுரையின் பொருள். பாலிடெக்னிக்குகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் கணிப்பொறி வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும், அலுவலகங்களில் மென்பொருள் வேலைகளை மேற்பார்வையிடும் களப் பணியாளர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பதினொரு வரிகளால் நேர்ந்த தடை

பிறர் களஞ்சியத்தை மட்டும் நம்பியிருப்பதன் அபாயத்தை 2016ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி நிகழ்ந்த ஒரு சம்பவம் விளக்கும். என்.பி.எம். களஞ்சியத்தில் லெஃப்ட்-பேட் என்றொரு சிறு பொதி இருந்தது. எழுத்துத் தொடர் ஒன்றின் இடப்புறத்தில் வேண்டிய அளவுக்கு வெற்றிடமோ பூஜ்யமோ சேர்ப்பதே அதன் வேலை. நிரல் 11 வரிகளே. அதை எழுதியவருக்கும் களஞ்சியத்தை நடத்தியோருக்கும் வேறொரு பொதியின் பெயரைப் பற்றி மனத்தாங்கல் ஏற்பட, அவர் தம் பொதிகள் யாவற்றையும் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். பேபெல் முதலிய பெரிய மென்பொருள்கள் பல அச்சிறு பொதியைச் சார்ந்திருந்தன. ஆகவே உலகின் பல பாகங்களிலும் நிரல்களைத் தொகுக்கும் வேலை திடீரெனத் தடைப்பட்டது. சுமார் 2 மணி நேரத்தில் பொதி மீட்கப்பட்டதாயினும், ஒருவருடைய ஒரு செயலால் அவரை அறியாத பல்லாயிரவர் வேலை நின்றது என்பதை எவரும் மறக்கவில்லை. அதன் பின்னர் களஞ்சியத்தார் நீக்கும் விதிகளைக் கடுமையாக்கினர்.

களஞ்சியங்களின் விதிகள் ஒரே தன்மையன அல்ல என்பதையும் இங்கே குறிப்பிடலாம். மேவன் சென்ட்ரலில் ஒரு முறை வெளியிடப்பட்டதை மாற்றுவதற்கோ நீக்குவதற்கோ பொதுவாக இடமில்லை. பை.பி.ஐ.யிலோ, வெளியிட்டவர் தம் பொதியை நீக்கிவிடலாம். சில சமயம் களஞ்சியமே தன் பணியை நிறுத்திக்கொள்வதும் உண்டு. ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் பெரிதும் உபயோகித்த ஜேசென்டர் களஞ்சியத்தை மூடப் போவதாக அதனை நடத்திய ஜேஃபிராக் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்தபோது, அதனை நம்பியிருந்தோர் அனைவரும் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

இடைக் களஞ்சியம் யாது?

பிராக்ஸி என்று வழங்கப்படும் இடைக் களஞ்சியம், குழுவின் சொந்த வலையமைப்புக்குள் இயங்கும் ஒரு சர்வரேயாகும். நிரலாளரின் யந்திரம் ஒரு பொதியை வேண்டும்பொழுது பொதுக் களஞ்சியத்தை நேரே கேளாமல் இச்சர்வரைக் கேட்கின்றது. பொதி சர்வரின் டிஸ்கில் இருப்பின் அக்கணமே வழங்கப்படும். இல்லையெனில் சர்வர் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதனைப் பெற்று, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு அனுப்பும். அடுத்து எத்தனை பேர் கேட்டாலும் வெளியே செல்ல வேண்டிய அவசியமில்லை.

இதனால் விளையும் சிக்கனத்தை ஒரு கணக்கால் காண்போம். வகுப்பில் 30 கணிப்பொறிகள் உள்ளன. அன்றைய பாடத்திற்கு ஒவ்வொன்றிலும் 200 மெகாபைட் அளவுள்ள பொதிகள் வேண்டும். வெளி இணைப்பின் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் என்று கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட் ஆதலால், ஒரு கணிப்பொறிக்கு வேண்டியவை 1,600 மெகாபிட். அவை வந்து சேர 160 வினாடிகள் ஆகும். முப்பதும் தனித்தனியே பெறுமாயின் 4,800 வினாடிகள், அதாவது 80 நிமிஷங்கள் ஆகும். பாடவேளையோ அதனினும் குறைவு. இடைக் களஞ்சியம் இருப்பின் 200 மெகாபைட் ஒரே முறை வெளியிலிருந்து வந்தால் போதும். ஆசிரியர் முதல் நாள் மாலையிலேயே ஒரு கணிப்பொறியில் பாடத்தை நடத்திப் பார்த்துவிட்டால், மறுநாள் மாணவருக்கு வேண்டியவை யாவும் கூடத்திலேயே ஆயத்தமாக இருக்கும்.

எனினும் வேகம் இதன் சிறு பயனேயாகும். நேற்றுத் தொகுக்க முடிந்த மென்பொருளை நாளையும், ஐந்தாண்டுகள் கழித்தும் அவ்வாறே தொகுக்க முடிதல் வேண்டும். அவ்வுறுதியே இதன் தலையாய பயன்.

அமைக்கும் முறை

இதற்கென மென்பொருள்கள் பல உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கு மட்டும் எனில் வெர்டாச்சியோ, பைத்தான் பொதிகளுக்கு மட்டும் எனில் டெவ்பி என்னும் எளிய, கட்டணமற்ற மென்பொருள்கள் போதுமானவை. பல மொழியினர் கூடியுள்ள குழுவிற்கு நெக்சஸ், ஆர்ட்டிஃபாக்டரி போன்றவை ஏற்றவை. நெக்சஸின் கட்டணமற்ற பதிப்புக்கு உபயோக வரம்புகள் உண்டு. அவற்றை முன்னரே படித்தறிதல் நலம். கீழே நெக்சஸை உதாரணமாகக் கொண்டு முறை விளக்கப்படுகிறது.

1. பொதிகளைச் சேமிக்க, சர்வரின் இயக்க மென்பொருள் உள்ள டிஸ்கை விடுத்துத் தனி டிஸ்க் ஒன்றை ஒதுக்குக. பொதிகள் பெருகி டிஸ்க் நிரம்பினால் சர்வர் முழுவதும் நின்றுவிடாதிருக்க இது உதவும்.

2. மென்பொருளை நிறுவியபின் உலாவியில் சர்வரின் 8081ஆம் போர்ட்டைத் திறந்து, முதற் கடவுச்சொல்லை உடனே மாற்றுக. பொதிகளை எடுக்கும் உரிமையைக் கூடத்தில் உள்ளோர் யாவருக்கும் அளிக்கலாம். சேர்க்கும் உரிமையையும் நீக்கும் உரிமையையும் குறிப்பிட்ட சிலருக்கே அளித்தல் வேண்டும்.

3. மூவகைக் களஞ்சியங்களை உண்டாக்குக. முதலாவது, பொதுக் களஞ்சியத்தின் பிரதிகளை வைக்கும் இடைக் களஞ்சியம். இரண்டாவது, குழுவினர் தாமே எழுதிய பொதிகளை வைக்கும் சொந்தக் களஞ்சியம். மூன்றாவது, இவ்விரண்டையும் ஒரே முகவரியின் கீழ்க் காட்டும் தொகுப்புக் களஞ்சியம். நிரலாளர்களுக்கு மூன்றாவதன் முகவரியை மட்டும் அளித்தால் போதும்.

4. ஒவ்வொரு கணிப்பொறியிலும் அம்முகவரியைக் குறிப்பிடுக. மேவன் கருவிக்கு அதன் செட்டிங்ஸ் கோப்பில் மிரர் என்னும் பகுதியில், எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொருந்துமாறு நட்சத்திரக் குறியிட்டு எழுத வேண்டும். என்.பி.எம். கருவிக்கு ரெஜிஸ்ட்ரி என்னும் இடத்திலும், பைத்தானின் பிப் கருவிக்கு இண்டெக்ஸ் முகவரி என்னும் இடத்திலும் எழுத வேண்டும்.

வாயில் ஒன்றே இருத்தல் வேண்டும்

வீட்டின் முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்து வைத்தல் காவலாகாது. சிலர் இடைக் களஞ்சியத்தை முதலாவதாகவும், பொதுக் களஞ்சியத்தை அதற்குத் துணையாகவும் குறிப்பிடுகின்றனர். பிப் கருவியில் துணை முகவரி தருவதற்கும் வழியுண்டு. ஆனால் அக்கருவி முதல் முகவரிக்கு முன்னுரிமை தருவதில்லை. இரண்டிலும் தேடி, எங்கே உயர்ந்த பதிப்பு எண் உள்ளதோ அதனையே எடுக்கும்.

இதிலுள்ள அபாயம் 2021 பிப்ரவரியில் வெளிப்பட்டது. பெரிய நிறுவனங்கள் தமக்குள் மட்டும் வழங்கிவந்த சில பொதிகளின் பெயர்களை ஆய்வாளர் ஒருவர் அறிந்து, அதே பெயரில், மிக உயர்ந்த பதிப்பு எண்ணுடன், பொதுக் களஞ்சியங்களில் தம் பொதிகளை வெளியிட்டார். நிறுவனங்களின் கருவிகள் சொந்தப் பொதியை விடுத்து அவருடைய பொதியை எடுத்துக்கொண்டன. இவ்வாறு 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவரது நிரல் நுழைந்தது. அவர் தீங்கு செய்யாமல் குறையைத் தெரிவித்தார். தீயோர் அவ்வாறு செய்வர் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தொகுப்புக் களஞ்சியம் மட்டும் இதற்குப் பரிகாரமாகாது. அதுவும் இரு பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்தே காட்டக்கூடும். ஆகவே குழுவின் சொந்தப் பொதிகளுக்கு ஒரு பொதுவான முன்னொட்டுப் பெயர் சூட்டி, அப்பெயரால் தொடங்குவன எவையும் பொதுக் களஞ்சியத்தில் தேடப்படலாகாது என்று இடைக் களஞ்சியத்தில் தடைவிதி எழுதுதல் வேண்டும். நெக்சஸில் இதற்கு ரூட்டிங் விதி என்று பெயர். இயலுமிடத்து, பொதுக் களஞ்சியங்களுக்குச் செல்லும் நேர்வழியை வலையமைப்பிலேயே அடைத்துவிடுதல் இன்னும் சிறப்பு.

நல்லதும் தங்கும், நஞ்சும் தங்கும்

நல்ல பொதியைக் காப்பாற்றி வைக்கும் அதே குணம் தீய பொதியையும் காப்பாற்றி வைக்கும் என்பதை நினைவிற்கொள்க. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, என்.பி.எம். களஞ்சியத்தில் மிகப் பலர் உபயோகிக்கும் சால்க், டீபக் முதலிய 18 பொதிகளில் தீய நிரல் கலக்கப்பட்டது. அவற்றைப் பராமரித்தவர் போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்டதே காரணம். சில மணி நேரத்தில் தீய பதிப்புகள் பொதுக் களஞ்சியத்தினின்று நீக்கப்பட்டன. ஆயினும் அச்சிறு இடைவேளையில் ஏதேனும் ஓர் இடைக் களஞ்சியம் அவற்றைப் பெற்றிருக்குமாயின், மேலே நீக்கப்பட்டதால் கீழேயுள்ள பிரதி தானே மறைந்துவிடாது. கேட்போருக்கெல்லாம் அதனை வழங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகையால் இரண்டு ஏற்பாடுகள் அவசியம். முதலாவது, இத்தகைய எச்சரிக்கைகளைக் கவனித்து, குறிப்பிட்ட பதிப்பைச் சர்வரிலிருந்து நீக்கித் தடைசெய்யும் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படைத்தல். இரண்டாவது, புதிதாக வெளியான பதிப்பை அன்றே ஏற்காமல் சில நாள் பொறுத்து ஏற்றல். பொதிகளின் பதிப்பு எண்ணையும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் குறியீட்டையும் பதிந்துவைக்கும் உறுதிப்பட்டியல், அதாவது லாக் கோப்பு, இதற்குப் பெருந்துணை புரியும். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினும் குறியீடு மாறிவிடுமாதலால், மாற்றப்பட்ட பொதியைக் கருவி ஏற்க மறுக்கும்.

இரண்டு சிறு சிக்கல்கள்

பொதி ஒன்று வெளியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு வேண்டினால், சர்வர் “இல்லை” என்று சில சமயம் பதில் கூறும். முன்னொரு முறை தேடிக் கிடைக்காததை அது நினைவில் வைத்திருப்பதே காரணம். நெக்சஸில் இந்நினைவு சாதாரணமாக 1,440 நிமிஷங்கள், அதாவது ஒரு நாள் நீடிக்கும். பொறுப்பாளர் அதனைத் துடைத்துவிட்டால் குறை தீரும்.

மற்றது இதனினும் முக்கியமானது. டிஸ்கில் இடம் குறையுங்கால், நெடுநாள் எவரும் கேளாத பொதிகளைத் தானே நீக்கும்படி விதி அமைப்பது வழக்கம். ஆனால் பொதுக் களஞ்சியத்தினின்று மறைந்துபோன பொதியின் ஒரே பிரதி நம்மிடமே இருக்கக்கூடும். உபயோகத்தில் உள்ள மென்பொருளின் சார்புகளை இவ்விதிக்கு உட்படுத்தலாகாது. சர்வரின் தரவுத்தளம், பொதிகள் உள்ள சேமிப்பு ஆகிய இரண்டையும் ஒருசேரப் பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

இறுதிப் பரிசோதனை

ஏற்பாடுகள் செவ்வனே அமைந்தனவா என்பதை அறிய எளியதொரு பரிசோதனை உண்டு. இதற்கு முன் எப்பொதியும் இறக்காத ஒரு கணிப்பொறியை எடுத்துக்கொள்க. சர்வரிலிருந்து வெளியே செல்லும் இணைப்பைச் சற்று நேரம் துண்டித்துவிட்டு, குழுவின் மென்பொருளை அக்கணிப்பொறியில் முதலிலிருந்து தொகுத்துப் பார்க்க. வேலை முற்றுப்பெறுமாயின் களஞ்சியம் உண்மையில் நம்முடையது. எங்கேனும் தடைப்படுமாயின், அவ்விடத்தில் இன்னமும் பிறர் தயவை நம்பியிருக்கிறோம் என்பது விளங்கும். விடுபட்ட பொதியின் பெயரையும் கருவியே அறிவித்துவிடும். மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் இப்பரிசோதனையைச் செய்து, முடிவைப் பதிவேட்டில் குறித்துவைத்தல் நலம். இணைப்பு தானாகவே அறுந்து போகும் நாளில் குழுவினர் தம் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருப்பர்.